மேல் பெட்டி மட்டும், இலவசம்

வாங்க தம்பி, வாங்க. கையில இருக்கற அந்த ஸ்பேனரை மொதல்ல கீழ வைங்க. வெச்சுட்டு இந்த ஸ்டூல்ல உக்காருங்க. மேல் பெட்டிக்குத்தானே வந்தீங்க? விளம்பரம் பாத்துட்டு? தெரியுமுங்க. காலையில இருந்து நீங்க மூணாவது ஆளு. மொத ரெண்டு பேரை வாசலோட திருப்பி அனுப்பிட்டேன். நீங்க வந்ததும் வணக்கம் சொன்னீங்க. வணக்கம் சொன்ன மனுசனை வெயில்ல நிக்க வெச்சுப் பேசறது நல்லாருக்காது.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன். அந்த விளம்பரம் நான் போட்டதில்லீங்க. 'மேல் பெட்டி மட்டும். இலவசம். ஸ்பேனர் கொண்டுவந்து கழட்டிக்கொள்ளவும்.' இப்படித்தானே இருந்துச்சு? நானா இருந்தா இலவசம்னு எழுதுவேனுங்களா? இங்க கோயமுத்தூர் கணபதியில முப்பது வருஷம் கிரைண்டர் பட்டறை நடத்துனவன் நான். திருமூர்த்தின்னு கேட்டா இன்னைக்கும் சொல்லுவாங்க. ஒரு நட்டுகூட யாருக்கும் சும்மா குடுத்ததில்ல. விளம்பரம் போட்டது என்ற சம்சாரம். பேரு சாந்தாமணி. உள்ள தையல் மிஷின் ஓடற சத்தம் கேக்குதுங்களா? அதுதான் அவ. ஏன் போட்டேன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறா. ரெண்டு நாளா மிஷின்தான் பேசுது.

நீங்களே நாயம் சொல்லுங்க தம்பி. மொத இருந்து சொல்றேன். கேட்டுட்டு, அந்தப் பெட்டியைக் கழட்டலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

அந்தா போர்டிகோவுல நிக்குது பாருங்க, அதுதான் வண்டி. எண்ணூறு சிசி. வெளிநாட்டுக் கம்பெனி. பன்னெண்டு வருஷப் பழசு. பெங்களூர்ல ஒரு கம்ப்யூட்டர்காரத் தம்பிகிட்ட வாங்குனேன். வாங்கி நாலு மாசம் ஆகுது. பட்டறையைப் பெரிய பொண்ணு மாப்பிள்ளைகிட்ட ஒப்படைச்ச அன்னைக்கு ராத்திரி சோத்துல கை வெச்சுக்கிட்டே சொன்னேன். "சாந்தாமணி, நான் லடாக்குக்குப் போறேன்." அவ என்ன சொன்னா தெரியுங்களா? "ஆடி பொறக்கறதுக்கு முன்னால கெளம்பிடோணும்"னா. அவ்வளவுதான். சந்தோசமுமில்ல, சண்டையுமில்ல. நாள் குறிச்சது அவதான். ஆனி இருபது, வியாழக்கிழமை.

சரி, வண்டி இருக்கு, நாள் இருக்கு. சாமான் எதுல கொண்டு போறது? துணிப்பையைக் கட்டிக்கிட்டு எல்லாரும்தான் போறாங்க. மழையில நனையும், அவுந்து விழும். அட்வென்ச்சர் பைக்குன்னா ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி இருக்கோணும், பொறகால ஒரு மேல் பெட்டி இருக்கோணும். மூணு இருந்தாத்தான் அது ஒரு செட்டு. போட்டோவுல பாருங்க, எல்லாத்துலயும் மூணுதான். ஆனா இந்த மாடலையே கம்பெனி நிறுத்திட்டான். பெட்டி கெடைக்காது. பெட்டி மாட்டற கம்பிச்சட்டம், அதுவும் கெடைக்காது. நான் யோசிச்சேன். இந்த ஊருல கெடைக்காத தகரமா, இல்லாத வெல்டிங்கா? நாமளே செஞ்சா என்ன?

மொதல்ல நம்ம பட்டறையிலயே செஞ்சேனுங்க. கிரைண்டருக்குப் போடற எவர்சில்வர் தகடு. கனமான தகடு. நாம எப்பவுமே கனமாத்தான் செய்வோம், அஞ்சு வருஷ கியாரண்டி குடுக்கற ஆளு. வெறும் பெட்டியே ஒண்ணு பதினாலு கிலோ. ரெண்டையும் மாட்டி இதே எடத்துல சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு, டீ குடிக்க உள்ள போனேன். போயி டம்ளரை வாயில வைக்கல, தடால்னு சத்தம். ஸ்டாண்டு மண்ணுல எறங்கி, வண்டி கறிவேப்பிலைச் செடி மேல படுத்துக் கெடக்குது. அவ வந்து பாத்துட்டு மொதல்ல செடியைத்தான் தூக்கி நிறுத்துனா. வண்டியைத் தூக்க எதுத்த வீட்டுல இருந்து மூணு பேரு வரவேண்டியதாப் போச்சு.

அப்பத்தான் உக்கடத்துல இஸ்மாயில் பாய்கிட்டப் போனேன். லாரிக்குப் பாடி கட்டற பட்டறை. அலுமினிய வேலைன்னா அவருதான். பாய் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாரு. குனிஞ்சு பாத்தாரு. "முதலாளி, இது லாரி இல்லீங்களே"ன்னாரு. "அது தெரியும் பாய், செய்யுங்க"ன்னேன்.

தம்பி, பழைய வண்டியில பெட்டி மாட்டறது சும்மா வேலைன்னு நெனச்சுடாதீங்க. வலது பக்கம் சைலன்சர் ஒசக்க வருது. அந்தப் பக்கம் பெட்டியை வெளிய தள்ளி மாட்டோணும், இல்லாட்டி உள்ள இருக்கற துணி தீஞ்சுரும். வலது தள்ளுனா எடதும் அதே அளவு தள்ளோணும். சட்டம் பூட்டறதுக்காகப் பொறகால இருக்கற பழைய போல்ட்டைத் திருப்புனா, துருப்புடிச்சுத் தலை மட்டும் கையோட வந்துருச்சு. மீதி உள்ளேயே நின்னுக்கிச்சு. அதைத் துளைபோட்டு எடுத்து, புதுசா மரை போட்டு… ஒரு போல்ட்டுக்கு ஒரு நாளு. அதே மாதிரி நாலு போல்ட்டு. அப்புறம் பாத்தா சேசிஸ்ல ஒரு மயிரளவு விரிசல். பாய்தான் கண்டுபுடிச்சாரு. அதுக்கு ஒரு பட்டை வெச்சு வெல்டிங் பண்ணுனாரு. அந்த மனுசன் பொறுமைக்குக் கோயில் கட்டலாமுங்க.

வேலை முடிஞ்சு கொண்டாந்தப்ப மேல் பெட்டியைப் பாக்கறேன், பொறத்தால 'ஒலி எழுப்பவும்'னு எழுதி, ரெண்டு பக்கமும் தாமரைப்பூ போட்டு வெச்சிருக்காங்க. லாரிக்கு எழுதற பெயிண்டர், கை தானா எழுதிருச்சாம். போய் அந்தப் பக்கம் நின்னு பாருங்க, இன்னும் இருக்குது. எனக்கு அழிக்க மனசு வரல. நல்ல கையெழுத்து.

அதைவிடக் கூத்து என்னன்னா, வீட்டுக்கு வந்தேனுங்களா, கேட்டுல வண்டி நொழையுது, ஹேண்டில் பாரு நொழையுது, நான் நொழையறேன், பெட்டி நொழையல. ரெண்டு தூணுக்கும் நடுவுல நச்சுன்னு மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. எறங்கலாம்னா காலைத் தூக்கிப் போட எடமில்ல. ஒரு பக்கம் தூணு, ஒரு பக்கம் தூணு, பொறகால மேல் பெட்டி. அப்படியே குதிரை மேல செலை மாதிரி உக்காந்திருக்கேன். தெருவே வேடிக்கை பாக்குது. அவ பக்கத்து வீட்டுக் காம்பவுண்டைச் சுத்திக்கிட்டு வந்து, ஸ்பேனரைக் கையில குடுத்துட்டு, "எந்தப் பெட்டியக் கழட்டப் போறீங்க?"ன்னு கேட்டா. அந்த நேரத்துல கேக்கற கேள்விங்களா அது? "எது கைக்கு எட்டுதோ அது"ன்னேன். வலது பெட்டியைக் கழட்டுனேன். அவ மேல் பெட்டியையே பாத்துக்கிட்டு நின்னா.

அதுல இருந்துதானுங்க அவளுக்கு வண்டி மேல ஒரு இது. வெறுப்புன்னுதான் சொல்லோணும்.

என்ன பண்ணுவா தெரியுங்களா? அவ அக்கம்பக்கத்துக்கு பிளவுஸ் தைக்கறவ. கழுத்துல எப்பவும் டேப்பு தொங்கும். நான் வண்டி தொடைச்சுட்டு இருப்பேன். வந்து டேப்பை எடுத்து அளப்பா. நான் உக்காற சீட்டு முடியற எடத்துல இருந்து மேல் பெட்டி வரைக்கும். அளந்துட்டு, "ஒம்போது அங்குலம்தான் இருக்குது"ம்பா. "இருந்துட்டுப் போகுது, எனக்குச் சாய்மானமா இருக்கும்"னு சொல்லுவேன். டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு உள்ள போயிடுவா. மறுநாள் மறுபடி அளப்பா. ஒம்போது அங்குலம் ராத்திரிக்குள்ள பத்தாயிருமா? நான் என்ன நெனச்சேன்னா, வண்டிக்கு உறை தைக்கப் போறா போலன்னு நெனச்சேன்.

நெனச்ச மாதிரியே ஒண்ணு தைச்சா. ஆனா உறை இல்ல. குஷன். நல்ல தடிமனான ஸ்பாஞ்சு வெச்சு, மேல ரெக்சின் போட்டு, நாலு பக்கமும் டபுள் தையல். அதைக் கொண்டாந்து வண்டி மேல வெச்சுட்டு நின்னா. எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுங்களா? அந்த மேல் பெட்டி ஒரு வாரமா லொடலொடன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு. என்னடா பண்றதுன்னு இருந்தேன். இவ எப்படித்தான் கண்டுபுடிச்சாளோ! அப்பவே பெட்டியைக் கழட்டி, அடியில அந்தக் குஷனை வெச்சு, மேல பெட்டியை வெச்சு, நாலு மூலைக்கும் போல்ட் போட்டு இறுக்கிட்டேன். போல்ட்டுக்காக ஸ்பாஞ்சுல ஓட்டை போட வேண்டியிருந்துச்சு, போட்டுட்டேன். அப்புறம் பாருங்க, குழி மேட்டுல போனாலும் ஒரு சத்தம் இல்ல. "சாந்தாமணி, நீ இஞ்சினியருக்குப் படிச்சிருக்கோணும்"னு சொன்னேன். நல்ல வார்த்தைதானே சொன்னேன்? அன்னைக்கு ராத்திரி எனக்கு ரசம் மட்டுந்தான்.

மிஷின் நின்னுருச்சு பாருங்க. நாம பேசறது கேக்குது. கேக்கட்டும். நான் இல்லாததைச் சொல்லல.

பூஜை போட்டோமுங்க. ஈச்சனாரி பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டு போயி, நாலு எலுமிச்சம்பழம் வெச்சு, மாலை போட்டு, எல்லாம் முறைப்படி. அவ ஆட்டோவுல வந்தா. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தாங்க. அய்யரு, "அம்மாவும் ஏறி உக்காருங்க, ஒரு சுத்து சுத்தி வாங்க"ன்னாரு. எங்க உக்காருவா? பெட்டி இருக்குதே. அவ அந்தப் பெட்டி மேல கையை வெச்சுக்கிட்டு வண்டிகூட நடந்தே ஒரு சுத்து வந்தா. என்ற மச்சான் போட்டோ எடுத்தான். நல்லா வந்திருக்கு.

அதுக்கு அப்புறம்தான் ஒரு பிரச்சனை ஆரம்பிச்சுது. வண்டி எடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுருச்சு. அவிநாசி ரோட்டுல நேரா போனா, வண்டி தானா ஓரத்துக்குப் போகுது. நான் முன்னாலயே எடை போட்டுப் பாத்திருந்தேனுங்க. எல்லாரும் மணல்மூட்டை வெச்சுப் பாப்பாங்க. நம்மகிட்ட மணலு எதுக்கு? கிரைண்டர் குழவிக்கல்லு இருக்குது. ஒரே எடையில இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு போட்டு, சூலூர் வரைக்கும் போயிட்டு வந்தேன். ஊசி மாதிரி நேராப் போச்சு. அப்புறம் கல்லை எல்லாம் எடுத்துட்டேன். பெட்டி காலி. காலிப் பெட்டியோட வண்டி எப்படி ஒரு பக்கமா இழுக்கும்?

உக்கடத்துக்குப் போனேன். பாய் ரசமட்டம் வெச்சுப் பாத்தாரு. சட்டத்தைக் கழட்டி மறுபடி மாட்டுனாரு. மறுநாள் அதே இழுப்பு. மறுபடி போனேன். கிளாம்ப்புக்கு வாசர் வெச்சுத் தூக்குனாரு. அப்பவும் இழுக்குது. எனக்குக் கோபம். "என்ன பாய், லாரி கட்டற கைக்கு இது பொடிசாப் போச்சா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூணாந்தடவை போனப்ப அவரு சட்டத்தைத் தொடவே இல்ல. "முதலாளி, பெட்டியத் தொறங்க"ன்னாரு. "காலிதான் பாய்"னேன். "தொறங்க"ன்னாரு.

எடது பெட்டியைத் தொறந்தா, ரொம்பி வழியுது தம்பி! ரெண்டு சுடிதாரு. அவ சுடிதார் போட்டு நான் பாத்ததே இல்ல. தடி ஸ்வெட்டரு. புது ஷூ, சாக்ஸு. சின்ன குக்கரு. காபித்தூளு. அரை கிலோ பருப்புப்பொடி. ஒரு எவர்சில்வர் டப்பாவுல என்ற சக்கரை மாத்திரை, ரெண்டு மாசத்துக்கு, காலை ராத்திரின்னு சீட்டு ஒட்டி. அது பக்கத்துலயே அவ பிரஷர் மாத்திரை, அதுவும் ரெண்டு மாசத்துக்கு. பூட்டுக்கு ரெண்டு சாவி, நான் தொலைச்சுருவேன்னு ஒண்ணை அவகிட்டக் குடுத்திருந்தேன். அதை வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா ரொப்பியிருக்கா.

பாய் அதையெல்லாம் பாத்தாரு. என்ற மூஞ்சியைப் பாத்தாரு. "முதலாளி, இது பட்டறையில சரி பண்ற வேலை இல்ல. வீட்டுல பேசுங்க"ன்னாரு.

பேசுனேன். விடுவேனா? வீட்டுக்கு வந்து அத்தனையும் ஹால்ல கொட்டி, "ஏ புள்ள, உனக்கு பீரோ பத்தலைன்னா சொல்லு, இன்னொண்ணு வாங்கித் தர்றேன். என்ற வண்டியை பீரோவாக்காத"ன்னேன். உங்களுக்கே தெரியும், தம்பி, பாரம் ஒரு பக்கமா இருந்தா எவ்வளவு ஆபத்து! அந்த பாய்கிட்ட நான் சொல்லக்கூடாததைச் சொல்லி, அது வேற பாவம். அவ கீழ உக்காந்து ஒவ்வொண்ணா மடிச்சா. என்ற மாத்திரையை மட்டும் தனியா எடுத்து மேசை மேல வெச்சா. "மறக்காம எடுத்துட்டுப் போங்க"ன்னா. உள்ள போயிட்டா.

அது முந்தாநேத்து. நேத்துக் காலையில விளம்பரம் வந்திருக்கு. நம்ம சின்னப் பொண்ணு சென்னையில இருக்கா, அவதான் போன்ல சொல்லிக் குடுத்திருப்பா.

இதுதானுங்க கதை. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. வண்டி புடிக்கல, சரி. பெட்டி புடிக்கல, சரி. அப்படின்னா மூணையும்ல விக்கோணும்? மேல் பெட்டி மட்டும் ஏன்? அதுலதான் ஒண்ணுமே இல்லயே. தொறந்து காட்டறேன் பாருங்க… ஒரு துணி, ஒரு டூல்ஸு, ஒண்ணும் கெடையாது. காலி. லடாக்குக்குப் போறப்பவும் அதுல வைக்கறதுக்கு எதுவும் இல்ல. சும்மா ஒரு லட்சணத்துக்கு வெச்சிருக்கேன். அதைப் போயி எதுக்குக் குறி வைக்கறா?

ஆமா, நீங்க எதுக்கு இந்தப் பெட்டிய வாங்க வந்தீங்க? உங்க வண்டியில சீட்டு மேல வைக்கவா? அப்ப பொறகால ஆளு உக்கார முடியாதே… என்ன சொன்னீங்க? கல்யாணம் ஆகல, உக்கார யாரும் இல்லையா. அதுவும் சரிதான். ஆளு இல்லாத எடத்துல பெட்டி வெச்சா…

என்ன கேட்டீங்க?

இல்ல, இல்ல, கேட்டுச்சு. மறுபடி கேளுங்க.

அம்மாவைக் கூப்பிட்டீங்களான்னா? எங்க? லடாக்குக்கா? அவளையா? என்ன தம்பி நீங்க, அவளுக்கு ஊட்டி பஸ்ஸுல ஏறுனாலே வாந்தி. தொண்ணூத்தி நாலுல குன்னூர் தாண்டறதுக்குள்ள… பஸ்ஸுல. ஆமா, பஸ்ஸுலதான். வண்டியில வந்ததில்லையா? வந்திருக்காளே. கல்யாணமான புதுசுல பழனிக்கு, வால்பாறைக்கு, எல்லாம் என்ற பழைய வண்டியிலதான். அப்ப ஒண்ணும் வரல. வழி பூரா பாடிக்கிட்டு வந்தா.

அவளைக் கூப்பிட்டு… பொண்டாட்டியைப் போயி யாராவது கூப்பிடுவாங்களா தம்பி? கூடவே இருக்கறவளுக்கு என்ன அழைப்பு?

சித்த இருங்க.

அந்தச் சுடிதாரு. அந்த ஷூவு. அதை நான் என்னன்னு நெனச்சேன்? நடைப்பயிற்சிக்குன்னு நெனச்சேன். ரெண்டு பேரு மாத்திரையும் ரெண்டு மாசத்துக்கு… குஷனு… ஐயோ. தம்பி, நான் அந்தக் குஷனுல ஓட்டை போட்டுட்டேனுங்க. நாலு ஓட்டை. அவ நின்னு பாத்துக்கிட்டு இருந்தா.

என்னை என்னன்னு சொல்றது! பூஜைக்கு மட்டும் பதினேழு வீட்டுக்கு நான் நேர்ல போனேன். வெத்தலை பாக்கு வெச்சு, "அவசியம் வந்து நடத்திக் குடுக்கோணும்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். இஸ்மாயில் பாய் வீட்டுக்கு ரெண்டு தடவை போனேன், மொத தடவை அவரு இல்லைன்னு. என்ற பங்காளி ஒருத்தன் பையன் கல்யாணத்தைப் போன்ல சொல்லிட்டான்னு நாலு வருஷம் அவன்கூட நான் பேசல. நேர்ல வந்து கூப்பிடாத வீட்டுல எப்படிப் போயி நிக்கறதுன்னு ஊரெல்லாம் நாயம் பேசுனது நான்தான். அவளும் அதே ஊருக்காரிதானே? எனக்கு இருக்கற ரோசம் அவளுக்கு இருக்காதா? கூப்பிடாம வர மாட்டா. வாயால கேக்கவும் மாட்டா. கேட்டா அது அழைப்பாகாது. நாலு மாசமா டேப்பு வெச்சு அளந்து, தைச்சுக் குடுத்து, சாமானை அடுக்கி… எத்தனை விதமா சொல்லியிருக்கா. நான் பாரம் ஒரு பக்கமா இழுக்குதுன்னு பாயைத் திட்டிட்டு வந்திருக்கேன்.

எனக்கு வெக்கமா இருக்குது தம்பி. நெசமாவே வெக்கமா இருக்குது. யாருன்னே தெரியாத ஒருத்தர் வந்து கேட்டுத்தான் எனக்குத் தெரியோணுமா?

எந்திரிங்க. அட, பெட்டி அப்புறம். மொதல்ல என்கூட உள்ள வாங்க. சட்டையை மாட்டிக்கறேன். பனியனோட போயி ஒருத்தரை அழைக்கக் கூடாது. ஒத்தையாவும் போகக் கூடாது, ரெண்டு பேராப் போனாத்தான் மரியாதை. நீங்க சும்மா பக்கத்துல நின்னாப் போதும். தட்டுல வைக்க… வெத்தலை இல்ல. ரெண்டு பழம் இருக்குது. இது போதுங்களா? போதும்.

சாந்தாமணி. சித்த மிஷினை நிறுத்து. நிறுத்திட்டியா. எந்திரிக்க வேண்டாம், உக்காந்துக்க. இல்ல, எந்திரி. எப்படி வேணுமோ இரு. இந்தத் தம்பி பெட்டிக்கு வந்திருக்காரு. அது இருக்கட்டும். வர்ற ஆனி இருபது, வியாழக்கிழமை காலையில, லடாக்குக்குப் பயணம் வெச்சிருக்குது. நீ அவசியம் வரோணும். நீ வந்துதான் நடத்திக் குடுக்கோணும். இந்தா, வாங்கிக்க.

சிரிக்காதீங்க தம்பி, நானே பயந்துக்கிட்டு நிக்கறேன்.

என்ன? இவரு சொல்லித்தான் வந்து கூப்பிடறேனான்னு கேக்கறயா?

ஆமா. இவரு சொல்லித்தான். எனக்காத் தோணல, சாந்தாமணி. தோணியிருக்கோணும். நாலு மாசமா நீ என்ற கண்ணு முன்னாலயே நடமாடிக்கிட்டு இருந்த. எனக்குத் தோணவே இல்ல. பொய் சொல்லி என்ன பிரயோசனம்? இவரு இன்னைக்கு வராம இருந்திருந்தா, நான் ஒத்தையில போயிட்டு, அங்க பனியைப் பாத்து உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பேன். அதைப் பெருமையா வேற நெனச்சிருப்பேன்.

வாங்கிட்டா. தம்பி, தட்டை வாங்கிட்டா பாத்தீங்களா?

என்ன சொல்ற? சரி. சரி சாந்தாமணி. எண்ணி நாப்பது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்தறேன். டீ குடிக்கலாம். நீ சொல்ற எடத்துலதான் தங்கறோம். எல்லாம் சரி. ஆங்? இன்னும் கூட எதாச்சும் இருந்தா எழுதிக் குடு, வண்டியில ஒட்டிக்கறேன்.

வாங்க தம்பி, வாங்க, வாங்க. நான் கழட்டறேன், நீங்க அந்தப் பக்கம் புடிங்க. ரிவிட்டுல கை கிழிச்சுடப் போகுது, பாத்து. உங்க வண்டியில வெச்சுக் கயிறு போட்டு நல்லா இறுக்கிக் கட்டுங்க. காபி குடிச்சுட்டுத்தான் போகோணும்னு அவ சொல்லுவா. நீங்க நிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன், உடனே கெளம்புங்க. நாளைக்குக் காலையில இந்தக் காலி எடத்தைப் பாத்தா, பெட்டியைத் திருப்பிக் கேட்டு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாலும் நின்னுருவேன். என்னை நான் அவ்வளவு நம்பறதில்ல.

அட, இத்தனை நேரம் நானே பேசிக்கிட்டு இருந்துட்டேன், உங்க ஊரு எதுன்னு கேக்கவே இல்ல பாருங்க. எது? திண்டுக்கல்லா?

நல்லதாப் போச்சு. தூரமாவே இருக்கட்டும்.